மாடல் ரயில் இன்ஜின் சத்தம்: ஸ்பீக்கரா, டீகோடரா, மேசைக்கு அடியிலா?

சவுண்ட் வைத்த, ஹெச்ஓ என்கிற அளவில் செய்த மாடல் இன்ஜினை ஆசை ஆசையாய் வாங்கித் தண்டவாளத்தில் ஏற்றினால், பதினாறு சிலிண்டர் டீசல் உறுமும் என்று காத்திருந்த இடத்தில் கரகரவென்று ஒல்லியாக ஒரு சத்தம் வருகிறது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது, டீகோடர் (இன்ஜினுக்குள் இருந்து ஓட்டத்தையும் சத்தத்தையும் நடத்துகிற சின்ன சர்க்யூட்) மட்டம், நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்பதுதான். பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் இந்தப் பைத்தியம் பிடித்த எங்கள் சின்னக் கூட்டத்தில் யார் கேட்டாலும் நான் சொல்வது இதற்கு நேர்மாறு. டீகோடரைக் கடைசியில் பாருங்கள். முதலில் வால்யூமைக் குறையுங்கள், அப்புறம் ஸ்பீக்கரையும் அதன் பெட்டியையும் கவனியுங்கள், தண்டவாளம் போட்ட மேசைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் வைக்கிற யோசனையெல்லாம் அதற்கும் பிறகுதான்.

நாம் எந்தச் சத்தத்தைத் துரத்துகிறோம் என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். நம்ம ஜங்ஷனில் நின்று உறுமிய டபிள்யூடிஎம்-2 டீசல் இருக்கிறதே, அதில் இருப்பது ஆல்கோ என்கிற அமெரிக்கக் கம்பெனியின் 251 வகை: பதினாறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 2600 குதிரைத்திறன். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 400 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்கு எட்டு சிலிண்டர்தான் வெடிக்கும், ஆக நொடிக்கு 53 வெடிப்பு, அதாவது 53 ஹெர்ட்ஸ். முழு வேகமான 1000 சுற்றில்கூட 133 ஹெர்ட்ஸைத் தாண்டாது. பிளாட்பாரத்தில் நிற்கும்போது நெஞ்சுக்கூட்டில் வந்து அதிருமே, அந்த ‘கும்’ முழுக்க இந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. மீட்டர்கேஜ் காலத்தில் செங்கோட்டை மலைப்பாதையில் ஓடிய ஒய்டிஎம்-4க்கு ஆறு சிலிண்டர், அதே 400 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 20 வெடிப்பு, அதைக் காது ஒரு ஸ்வரமாக எடுத்துக்கொள்ளாது, தனித்தனி அடியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஹெச்ஓ இன்ஜினுக்குள் அடங்குகிற கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஏறத்தாழ ஊமை. எத்தனை ஆயிரம் கொடுத்து டீகோடர் வாங்கினாலும் இது மாறப்போவதில்லை.

அப்படியானால் நல்ல சத்தமே வராதா என்றால், வரும். ஒரு வெடிப்பில் அடிச்சத்தம் மட்டும் இல்லை, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே அடுக்கடுக்காகத் துணைச்சத்தங்களும் உண்டு. அவை சுத்தமாகக் காதில் விழுந்தால், இல்லாத அடிச்சத்தத்தை நம் மூளையே பாதி நிரப்பிக்கொள்ளும். அதனால் நம் வேலை பாஸை, அதாவது கீழ்ச்சத்தத்தைத் துரத்துவது இல்லை, முந்நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது உடையாமல், கரகரக்காமல் வெளியே வருகிறதா என்று பார்ப்பதுதான். இந்த விஷயத்தில் இஎம்டி என்கிற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் வகைக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம்ம ரயில்வேயின் டபிள்யூடிஜி-4, டபிள்யூடிபி-4 டீசல்களில் இருக்கிற 710 வகை பதினாறு சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக், ஒரு சுற்றுக்குப் பதினாறும் வெடிக்கும், 900 சுற்றில் 240 ஹெர்ட்ஸ் வந்துவிடுகிறது. சின்ன ஸ்பீக்கருக்கு ஆல்கோவைவிட இது எளிது. அமெரிக்க எஸ்டி70 மாடலை வாங்கி நம்ம ஊர்ப் பெயின்ட் அடித்து ஓட்டுகிறவர்களுக்கு இதில் இரட்டை லாபம், இரண்டிலும் ஒரே 710 குடும்பம் என்பதால் அதனுடன் வருகிற சத்தமே பெரும்பாலும் பொருந்திவிடும், ஹார்ன் ஒன்றுதான் அமெரிக்க ஹார்னாகக் கத்தும்.

சரி, காசு செலவில்லாத வழிக்கு வருவோம். கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலான இன்ஜின்களில் வால்யூம் உச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும். கடையில் நாலு பேர் நடுவில் கேட்க வேண்டும் என்று அப்படி வைக்கிறார்களோ என்னவோ. சின்ன ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தள்ளினால் அதன் சவ்வு எல்லையைத் தொட்டுக் கரகரக்கும். டீகோடருக்குள் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் எண் உண்டு, அதைச் சிவி என்பார்கள். இஎஸ்யூ கம்பெனியின் லோக்சவுண்ட் 5 டீகோடர் என்றால் மொத்த வால்யூம் சிவி 63இல் இருக்கிறது, உச்சம் 192. சவுண்ட்ட்ராக்ஸ் சுனாமி2 என்றால் சிவி 128, ஜிமோ என்றால் சிவி 266. இருப்பதில் பாதிக்குக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் குற்றம் டீகோடர் மேல் இல்லை. அப்படியும் இன்ஜினை அமுக்கிவிட்டு ஹார்ன் மட்டும் காதைக் கிழித்தால் ஹார்னுக்கென்று இருக்கிற தனி சிவியில் அதை மட்டும் இறக்குங்கள். லோக்சவுண்ட் 5இல் பாஸுக்கு சிவி 196, மேல்ச்சத்தமான ட்ரெபிளுக்கு 197, இரண்டுக்கும் நடுப்புள்ளி 16. இதில் பலர் செய்வது பாஸை ஏற்றுவது. நான் இறக்கச் சொல்வேன். ஸ்பீக்கரால் தர முடியாத பாஸை அதற்குள் திணித்தால் சவ்வு வீணாக ஆடும், மற்ற சத்தமும் கெடும். சுனாமி2இல் ஏழு பட்டை ஈக்வலைசர் இருக்கிறது, அதிலும் கீழ்ப்பட்டைகளை இறக்கிவிட்டு நடுவில் கொஞ்சம் தூக்குங்கள்.

வால்யூம் குறைந்தால் கேட்காதே என்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஹெச்ஓ 87இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம் என்றால் உண்மையில் 87 மீட்டர் தள்ளி நிற்பதாக அர்த்தம். அவ்வளவு தூரத்தில் ஓர் இன்ஜின் சும்மா நிற்கிற சத்தம் பேச்சை மறைக்காது. நம்ம வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, கம்பளமும் கிடையாது, கனத்த திரையும் கிடையாது. அந்த அறையில் எந்தச் சத்தமும் நாலு பக்கமும் மோதித் திரும்பும், சத்தத்தைக் கூட்டக் கூட்டக் குழப்பம்தான் கூடும். அதோடு தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது, அதன் இரைச்சல் இருக்கிற கொஞ்ச நஞ்சக் கீழ்ச்சத்தத்தையும் மூடிவிடும். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று தெரியும், ஆனாலும் ஸ்பீக்கரை எடைபோடுகிற அந்தப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் சத்தம் ஒல்லியாகவே இருந்தால் ஸ்பீக்கருக்கு வாருங்கள். என் கணக்கில் பெரிய மாற்றம் வருவது இங்கேதான். ஸ்பீக்கரின் சவ்வு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் எதிரும் புதிருமானவை, இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், அதிலும் கீழ்ச்சத்தம்தான் முதலில் அழியும். அதைத் தடுக்கத்தான் பின்பக்கத்தை ஒரு பெட்டியில் அடைப்பது. பெட்டி என்றால் காற்றுப் புகாத பெட்டி. ஒயர் வெளியே வருகிற ஓட்டை, மூடி உட்காருகிற விளிம்பு, மூலையில் ஒரு மயிரிழை இடைவெளி, இதில் எங்கே கசிந்தாலும் போச்சு. விரிசல் விட்ட குடத்தை வில்லுப்பாட்டுக்காரர் தூக்கிக்கொண்டு மேடையேற மாட்டார், அதே கதைதான். கம்பெனி இன்ஜின்கள் பலவற்றில் வட்டமான ஸ்பீக்கரைப் பாடிக்குள் சும்மா ஒரு வளையத்தில் மாட்டியிருப்பார்கள், பின்பக்கம் திறந்தே கிடக்கும். பாடியே பெட்டியாக வேலை செய்யும் என்பது அவர்கள் நினைப்பு, ஆனால் பாடியில் ஜன்னல், போகி, கப்ளர் என்று எங்கே பார்த்தாலும் ஓட்டை.

நம்பிக்கை வராவிட்டால் இன்ஜினைத் திறந்து ஸ்பீக்கரை ஒயரோடு வெளியே எடுத்து, சத்தம் ஓடும்போதே அதன் பின்பக்கத்தை ஒரு மாத்திரை டப்பா மூடியின் வாயில் அமுக்கி, சுற்றி விரலால் மூடிப் பாருங்கள். விரலை எடுத்தால் சளசள, மூடினால் உடம்பு பிடிக்கும். இதற்குப் பிறகு வேறு விளக்கம் தேவைப்படாது.

புது ஸ்பீக்கருக்கு வெளிநாட்டு ஆர்டர் போட வேண்டியதில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சுகர்க்யூப் என்று சொல்கிற 11க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் செல்போனுக்குச் செய்த சாமான்தான். வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ செல்போன் ரிப்பேர் கடையில் போய் ரிங்கர் வேண்டும் என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். “எந்த மாடலுக்கு அண்ணாச்சி?” என்பார் பையன். ரயில் இன்ஜினுக்கு என்று சொன்னால் ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார், அவ்வளவுதான். வாங்குமுன் அங்கேயே மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிடுங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஏழு சொச்சம் காட்டும். பெட்டி இல்லாமல் வெறும் ரிங்கராகக் கிடைத்தால் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் நாமே பெட்டி கட்டலாம், இல்லாவிட்டால் 3டி பிரின்டர் வைத்திருக்கிற கல்லூரிப் பையன் யாரையாவது பிடித்து அடித்து வாங்கலாம். பெட்டியின் உள் இடம் கூடக் கூட இன்னும் ஆழமான கீழ்ச்சத்தம் வரும், அதனால் பாடிக்குள் எவ்வளவு பெரிய பெட்டி நுழையுமோ அவ்வளவு பெரிதாகச் செய்யுங்கள், சுவரும் மெலிதாக வேண்டாம், சுவர் ஆடினால் பெட்டி இருந்தும் பிரயோஜனம் இல்லை. விளிம்பைச் சுற்றி ஃபெவிக்விக் ஓட்டிவிட்டு, ஒயர் ஓட்டையில் எம்-சீல் ஒரு பொட்டு வையுங்கள். ஃபெவிக்விக் சவ்வுப் பக்கம் ஒரு சொட்டு ஓடினாலும் ரிங்கர் குப்பைக்குத்தான், நேராகப் பாட்டிலிலிருந்து ஊற்றாமல் குண்டூசி முனையில் தொட்டு வையுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர் போடலாமா என்றால், இடம் இருந்தால் தாராளமாகப் போடலாம். இரண்டு எட்டு ஓமைத் தொடராக இணைத்தால் பதினாறு, இணையாகப் போட்டால் நான்கு. லோக்சவுண்ட் 5 நான்கு ஓமைத் தாங்கும், எல்லா டீகோடரும் தாங்காது, கையேட்டைப் பார்க்காமல் இணையாகப் போடாதீர்கள். பழைய லோக்சவுண்ட் 3.5 இன்னும் சிலரிடம் ஓடுகிறது, அது நூறு ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்தது. அதில் எட்டு ஓம் ரிங்கரை மாட்டினால் ஆம்ப்ளிஃபையர் கருகிவிடும். இரண்டு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும், மாறினால் ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், இரண்டு போட்டும் ஒன்றைவிடக் குறைவாகக் கேட்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் திருப்பிப் போட்டுக் கேளுங்கள், எந்தப் பக்கம் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

இந்த வழியின் உண்மையான விலை ரூபாயில் இல்லை, இடத்தில். பெரிய பெட்டிக்கு இடம் வேண்டுமானால் உள்ளே இருக்கிற உலோக எடையை அறுக்க வேண்டிவரும், எடை போனால் இழுவை போகும், பத்துப் பெட்டி இழுத்த இன்ஜின் ஏற்றத்தில் சக்கரம் சுழற்றிக்கொண்டு நிற்கும். அதே இடத்துக்குத்தான் மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற கெப்பாசிட்டரும் போட்டி போடுகிறது. ஆனி ஆடிக் காற்றில் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், தண்டவாளம் முழுக்கப் புழுதி, பாயின்ட்டுக்குப் பாயின்ட் மின்சாரம் வெட்டி வெட்டிச் சத்தம் விக்கும். சத்தம் நடுவில் அறுந்து முதலிலிருந்து ஸ்டார்ட் ஆவதைவிடக் கொஞ்சம் ஒல்லியான சத்தம் தேவலை. அதனால் நம்ம பக்கத்தில் சின்ன இன்ஜின் என்றால் பெட்டியைக் கொஞ்சம் சுருக்கியாவது கெப்பாசிட்டருக்கு இடம் விடுங்கள். ஆறு அச்சு டீசல் என்றால் இரண்டும் அடங்கும்.

டீகோடருக்கு வருகிறேன். நல்ல டீகோடர் வீண் என்று நான் சொல்லவில்லை. லோக்சவுண்ட் 5 பதினாறு பிட், பத்துச் சத்தத்தை ஒரே நேரத்தில் ஓட்டும், ஜிமோவின் எம்எஸ் வரிசையும் பதினாறு பிட்தான், அதில் பதினாறு சேனல். பழைய எட்டு பிட் டீகோடரில் ஹார்ன் தேய்ந்து அடங்கும்போது பின்னால் ஒரு சீற்றம் கேட்கும், அதை எந்த ஸ்பீக்கராலும் போக்க முடியாது, அங்கே டீகோடரைத்தான் மாற்ற வேண்டும். சத்தமே தப்பு என்றாலும் அப்படித்தான். ஆல்கோவாகப் பெயின்ட் அடித்த இன்ஜினில் இஎம்டி சத்தம் வந்தால் காது உள்ளவன் தாங்க மாட்டான். அங்கேயும் லோக்சவுண்டுக்கு ஒரு கை கூடுதல்: லோக்புரோகிராமர் என்கிற பெட்டி ஒன்று இருந்தால் உள்ளே இருக்கிற சத்தத்தையே அழித்துவிட்டு வேறு ஏற்றலாம், ஆல்கோ 251 சத்தமும் கிடைக்கிறது. அந்தப் பெட்டியை நாலு பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விட்டால் கட்டுப்படியாகும். சுனாமி2இல் அந்த வசதி இல்லை, வாங்கும்போதே ஆல்கோவா இஎம்டியா என்று பார்த்து வாங்க வேண்டும், உள்ளே இருக்கிற பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் வாட் கூடுதல் என்பதற்காக மட்டும் மாற்றுகிறவர்களைத் தடுக்கத்தான் பார்ப்பேன். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு அது ‘கொஞ்சம் கூடிச்சோ’ என்கிற அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். டீகோடர் விலை, அதற்கு மேல் அனுப்புகிற செலவு, சுங்கவரி, எல்லாம் கொடுத்து வாங்கி அதே திறந்த ஸ்பீக்கரில் மாட்டினால் அதே கரகரப்பை இன்னும் துல்லியமாகக் கேட்கலாம்.

மேசைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் வைப்பது நியாயமான யோசனைதான், ஏனென்றால் அந்த 53 ஹெர்ட்ஸ் பக்கம் போக வேண்டுமென்றால் அது ஒன்றுதான் வழி. கீழ்ச்சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரிக்க முடியாது, அதனால் இன்ஜினில் மேல்ச்சத்தமும் மேசைக்கு அடியில் அடிச்சத்தமும் ஓடினால் மொத்தமும் இன்ஜினிலிருந்தே வருவதாகத் தோன்றும். இன்ஜினில் இருக்கிற மாதிரியே இன்னொரு டீகோடரை அதே முகவரியில் (கன்ட்ரோலர் இன்ஜினைக் கூப்பிடுகிற எண்) மேசைக்கு அடியில் வைத்து, அதில் எட்டு ஓம் பெரிய ஸ்பீக்கரை நேராக இணைத்துச் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் உள்ளீட்டில் டீகோடர் ஒயரைச் சொருகிவிடாதீர்கள், டீகோடரின் இரண்டு ஸ்பீக்கர் ஒயரிலுமே மின்சாரம் ஓடுகிறது, ஒன்றும் எர்த் கிடையாது, சொருகினால் ஏதாவது ஒன்று போகும். குறை என்னவென்றால், அடியில் இருக்கிற டீகோடருக்கு மோட்டார் இல்லை, இன்ஜின் ஏற்றத்தில் திணறுவது அதற்குத் தெரியாது, இன்ஜின் பாரத்துக்கு ஏற்ப உறுமும்போது கீழே ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் மூன்று இன்ஜின் ஓடுகிற லேஅவுட்டில் இதைச் செய்தால் எந்த ‘கும்’ யாருடையது என்றே புரியாது. ஒற்றை ஸ்டேஷன், ஒரு இன்ஜின், ஷன்டிங் என்று விளையாடுகிறவர்களுக்குத்தான் இது ஒத்துவரும்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. சில இன்ஜின்களில் கெட்ட சத்தம் ஸ்பீக்கரிலிருந்தே வருவதில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பல்சக்கரம் கரகரத்தால் அதுதான். வருடக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்த இன்ஜினில் கிரீஸ் கெட்டியாகிப் போயிருக்கும், துடைத்துவிட்டு பிளாஸ்டிக்கை அரிக்காத எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும். சத்தம் ஓடும்போது மட்டும் ரீங்காரம் வந்தால் பாடியின் ஒவ்வொரு இடமாக விரலால் லேசாக அழுத்திக்கொண்டு போங்கள், ஜன்னல் கண்ணாடியோ கைப்பிடிக் கம்பியோ ஆடிக்கொண்டிருக்கும், உள்பக்கம் சூடு தாங்குகிற கேப்டன் டேப் ஒரு துண்டில் வேலை முடிந்தது.

ஆக, சவுண்டோடு வந்த ஆறு அச்சு ஹெச்ஓ டீசல் உங்களுடையது என்றால் டீகோடரை விட்டுவிட்டு இரண்டு ரிங்கர், ஒரு நல்ல பெட்டி, பாதி வால்யூம். சவுண்டே இல்லாத இன்ஜினுக்குப் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் எப்படியும் டீகோடர் வாங்கத்தான் வேண்டும், அங்கே மறுபடி சத்தம் ஏற்றுகிற வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கூட வருகிற ஸ்பீக்கரை மட்டும் நம்பாதீர்கள். ‘N’ கேஜ் என்கிற, ஹெச்ஓவைவிடச் சின்ன அளவு மாடல் வைத்திருப்பவர்கள் பாடுதான் கஷ்டம், 160இல் ஒரு பங்கு உடம்புக்குள் பெட்டிக்கு எங்கே இடம். அவர்களுக்கு நான் சொல்வது, இன்ஜினை அறுக்காமல் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளை லேப்டாப்பில் போட்டு, டிசிசி கன்ட்ரோலரோடு (டீகோடர்களுக்கு டிஜிட்டலாகக் கட்டளை அனுப்புகிற பெட்டி) இணைத்து, அதில் இருக்கிற விர்ச்சுவல் சவுண்ட் டீகோடரைப் பாருங்கள். காசு கிடையாது, சத்தம் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் வரும், த்ராட்டிலைத் திருப்பினால் இன்ஜின் சத்தமும் சேர்ந்து ஏறும், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.